பனியில் உறங்கும் நாய்கள்

சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சைபீரியன் ஹஸ்கி என்னும் ஜாதி நாயைக் காண்பது இப்போது அபூர்வமன்று. அடர்ந்த ரோமமும் ஓநாயை ஒத்த முகமும் கொண்ட அந்தப் பிராணியைச் சித்திரை மாதத்தில் பகல் முழுவதும் ஏ.சி. அறைக்குள் அடைத்து வைத்து, விடியற்காலையிலும் இரவு வெகுநேரம் கழித்தும் மட்டுமே அதன் சொந்தக்காரர்கள் வெளியே அழைத்துச் செல்கிறார்கள். அதன் நெருங்கிய உறவினங்களோ, அலாஸ்காவில், மூச்சுக்காற்று மீசையிலேயே உறைந்து நிற்கும் குளிரில், கதவில்லாத சிறு மரக்குடிலுக்கு முன்னால் வைக்கோலில் சுருண்டு படுத்து, முதுகின்மேல் பனி படிந்துகொண்டிருக்க, விடியும்வரை நிம்மதியாக உறங்குகின்றன. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்க்கும் நம்மில் பலருக்கு மனம் பதறுவது இயல்பே. நாள் முழுவதும் தனக்காகப் பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாயை வெளியில் விட்டுவிட்டு, எஜமானன் மட்டும் கணப்புக்கு அருகே கம்பளி போர்த்திப் படுப்பது கொடுமை அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல நெஞ்சம் படைத்தவர்கள். ஆயினும், நமக்குக் குளிர்வதால் நாய்க்கும் குளிரும் என்ற அனுமானம் இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. வேலை செய்யும் நாயை வெளியே கொட்டிலில் வைப்பதா, வீட்டுக்குள் வைப்பதா என்பதை அறிய, முதலில் அதன் சரீரத்தையும் பிறகு அதன் மனத்தையும் விசாரிக்க வேண்டும். இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

குளிர் எங்கே தொடங்குகிறது?

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் சமுத்திரத்தின் கரையில், பாரோ முனை என்று ஓர் இடம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் பெர் ஷோலாண்டர், லாரன்ஸ் இர்விங் என்னும் இரு சரீர சாஸ்திரிகள் அங்கே தங்கி, எளிமையானதும் அழகானதுமான ஒரு பரிசோதனையைச் செய்தார்கள். துருவப் பிரதேசத்து விலங்குகளைக் குளிரூட்டிய அறையில் வைத்து, உஷ்ணத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் அந்த விலங்கு எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறது என்று அளந்தார்கள். உடலுக்குள் உணவு எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். ஆகவே பிராணவாயுவின் செலவு ஏறத் தொடங்கினால், அந்த விலங்கு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளப் பாடுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு, பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள பனாமா நாட்டின் காட்டு விலங்குகளையும் இதே முறையில் அளந்து ஒப்பிட்டு, 1950-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

எந்த உஷ்ணநிலைக்குக் கீழே போனால் ஒரு பிராணி கூடுதலாக உணவை எரித்தாக வேண்டுமோ, அந்த நிலையை நாம் ‘கீழ்வரம்பு’ என்று அழைப்போம். ஆடையில்லாத மனிதனுக்கு அது ஏறக்குறைய 27 டிகிரி. அதாவது மார்கழி மாதத்துச் சென்னை இரவுகூட, துணியில்லாத நமக்குக் குளிர்தான். பனாமாவின் சிறு குரங்குகளும் நம்மைப் போலத்தான்; சற்றுக் குளிர்ந்ததுமே அவை உள்ளே அடுப்பை மூட்டத் தொடங்கிவிட்டன. குட்டைமயிர் கொண்ட சாதாரண நாய்க்குக் கீழ்வரம்பு 20 டிகிரிக்கு அருகில் என்று சொல்லலாம். ஆனால் வெண்ணிறத் துருவநரியோ, பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரையிலும் தன் செலவைக் கூட்டவே இல்லை. எஸ்கிமோ மக்களின் வண்டிநாய்க்கும் கீழ்வரம்பு பூஜ்யத்துக்கு வெகுதூரம் கீழேதான் இருந்தது. நமக்குக் குளிர் தொடங்கும் இடத்துக்கும் அந்த நாய்க்குக் குளிர் தொடங்கும் இடத்துக்கும் இடையே ஐம்பது டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருக்கக்கூடும் என்றால், நம் உடம்பின் நடுக்கத்தைக் கொண்டு அதன் துன்பத்தை அளப்பது நியாயமாகாது.

ஒரு நாயின் இரவுக் கணக்கு

இனி ஓர் இரவை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு வண்டிநாய், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரில், காற்றில்லாத இரவில், படுத்திருக்கிறது.

அசையாமல் கிடக்கும்போதும் இதயம் துடிப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் மூளை விழிப்பாயிருப்பதற்கும் அது உணவை எரித்துக்கொண்டேதான் இருக்கிறது. இந்த எடையுள்ள நாய்க்கு அந்தச் செலவு நாளொன்றுக்கு 780 கலோரி அளவில் இருக்கும். அதை உஷ்ணமாகக் கணக்கிட்டால், பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்று இரவு முழுவதும் எரிந்தால் எவ்வளவு சூடு வெளிவருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. நாய்க்கு வருமானம் இவ்வளவுதான். இதற்குள் செலவு அடங்கினால் அது சுகமாக உறங்கும், அடங்காவிட்டால் நடுங்கும்.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். நாயின் உள்ளுடம்பு 38 டிகிரி; வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30. இடைவெளி 68 டிகிரி. உஷ்ணம் வெளியேறும் வாயில், நாயின் மேற்பரப்பு முழுவதும். நாய் எழுந்து நிற்கும்போது அந்தப் பரப்பு ஏறக்குறைய 0.85 சதுர மீட்டர். இவ்வளவு பெரிய பரப்பின் வழியாக, இவ்வளவு பெரிய இடைவெளிக்கு எதிராக, நாற்பது வாட்டுக்குள் இழப்பை நிறுத்தவேண்டுமானால், உடல் முழுவதும் சுமார் 6 சென்டிமீட்டர் கனத்துக்கு ரோமம் போர்த்தியிருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. காலிலும் வயிற்றிலும் மூக்கிலும் அத்தனை ரோமம் எந்த நாய்க்கும் கிடையாது. ஆகவே நின்றபடியே இரவைக் கழிக்கும் நாய் நிச்சயமாகத் துன்பப்படும்.

ஆனால் நாய் நிற்பதில்லை, சுருண்டு படுக்கிறது. நான்கு கால்களையும் வயிற்றோடு சேர்த்து மடக்கி, மூக்கை அவற்றுக்கிடையே நுழைத்து, புதர் போன்ற வாலை முகத்தின்மேல் போர்த்துக்கொள்ளும்போது, ரோமம் குறைந்த அங்கங்கள் யாவும் உள்ளே மறைந்து, ரோமம் மிகுந்த முதுகும் விலாவும் மட்டுமே வெளியே தெரிகின்றன. திறந்த பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் குறைந்துவிடுகிறது. இப்போது அதே கணக்கைத் திரும்பப் போட்டால், 4 சென்டிமீட்டர் ரோமம் ஏறக்குறையப் போதும் என்று விடை வருகிறது. குளிர்காலத்தில் நன்றாக மயிர் அடர்ந்த வண்டிநாயின் முதுகில் இந்த அளவுக்கு ரோமம் இருப்பது அசாதாரணமன்று. நாய் வெறுமனே சுருண்டுகொள்வதாக நாம் நினைக்கும் அந்தச் செய்கை, இரவின் வரவுசெலவைச் சரிக்கட்டும் உபாயமாக இருக்கிறது.

ரோமத்தின் மகிமை உண்மையில் அதற்குள் சிறைப்பட்ட காற்றைச் சேர்ந்தது. பஞ்சு போன்ற மெல்லிய உள்மயிர் காற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நீண்டு முரடாயிருக்கும் மேல்மயிர் பனியும் நீரும் உள்ளே புகாமல் தடுக்கிறது. முதுகின்மேல் விழுந்த பனி உருகாமல் கிடப்பதே, உள்ளிருந்து உஷ்ணம் ஒழுகவில்லை என்பதற்குச் சாட்சி. உருகத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஏனெனில் நனைந்த ரோமத்தில் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக உஷ்ணத்தைக் கடத்திவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் உலர்ந்து கிடக்கும் நாயைவிட, பூஜ்யத்துக்குச் சற்று மேலே குளிர்ந்த மழையில் நனையும் நாய் அதிகமாக வருந்துவது இதனால்தான்.

கொட்டில் அமைப்பவர்களின் அனுபவ ஞானமும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. குடில் பெரிதாக இருக்கக் கூடாது. நாய் நுழைந்து திரும்பிப் படுக்கும் அளவே போதும். தரையிலிருந்து சற்று உயர்த்தி, காற்று வீசும் திசைக்கு வாசல் எதிர்ப்படாமல் வைக்க வேண்டும். உள்ளே கம்பளி போடுவதில்லை. அது நாயின் மூச்சீரத்தைக் குடித்து, உறைந்து கட்டியாகிவிடும். வைக்கோல்தான் உத்தமம். அதன் தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதால் காற்று தங்குகிறது. ஈரம் ஒட்டாமல் கீழே இறங்கிவிடுகிறது. நாயும் தன் உடம்புக்கேற்ற குழியை அதில் தானே செய்துகொள்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று பந்தயங்களில் ஓடும் அலாஸ்கன் ஹஸ்கி, பல ஜாதிகளைக் கலந்து வேகத்துக்காக உருவாக்கப்பட்ட நாய். பழைய துருவநாயைவிட அதன் ரோமம் மெல்லியது. ஆகவே அதற்கு ஓய்வுநேரத்தில் மேலங்கி அணிவிக்கிறார்கள்; வைக்கோலைத் தாராளமாகப் பரப்புகிறார்கள்; கொழுப்பு நிறைந்த உணவை ஊட்டி உள்ளடுப்பைப் பெரிதாக்குகிறார்கள். பந்தயத்தில் ஓடிய நாய்களைக் கொண்டு நடத்தி 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அவை நாளொன்றுக்குச் சராசரி 11,000 கலோரிக்கு மேல் செலவிட்டதாகக் கண்டார்கள். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பிராணி, கடின உழைப்பாளியான மனிதனைப் போல இரண்டு மூன்று மடங்கு எரிக்கிறது! இப்படி உண்ண முடியாத நாயை அந்தக் குளிரில் வெளியே படுக்க வைப்பவன் குற்றவாளியே.

பனியில் பதியும் பாதம்

காப்பில்லாத பாதம் மட்டும் உறைந்துபோகாமல் இருப்பது எப்படி? பாதத்துக்குச் சூடான ரத்தம் போகாவிட்டால் அது உறையும். போனாலோ, ரத்தம் பனியில் குளிர்ந்து இதயத்துக்குத் திரும்பி உடம்பு முழுவதையும் குளிர்விக்கும். இயற்கை இந்தச் சங்கடத்தை மிக நேர்த்தியாகத் தீர்த்திருக்கிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நாயின் பாதத்தைக் கூர்ந்து பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட செய்தி என்னவென்றால், பாதத்துக்குள் இறங்கும் நாடிகளைச் சுற்றி, மேலே ஏறும் நுண்ணிய சிரைகள் வலைபோல நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதே. இறங்கும் ரத்தம் தன் உஷ்ணத்தை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து இறங்குகிறது. ஏறும் ரத்தம் அந்த உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு சூடாகி வீடு திரும்புகிறது. இதை ‘எதிரோட்டப் பரிமாற்றம்’ எனலாம்.

1972-ல் செய்த வேறொரு பரிசோதனையில் ஓநாய், துருவநரி ஆகியவற்றின் பாதத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரியிலுள்ள திரவத்தில் வைத்துப் பார்த்தபோது, பாதத்தின் திசுக்கள் உறையும் எல்லைக்குச் சற்றே மேலே, பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி அளவில், நிலையாக நின்றன. உறையாமலிருக்கத் தேவையான உஷ்ணம் எவ்வளவோ அவ்வளவை மட்டும் உடல் அனுப்புகிறது. அதற்குமேல் ஒரு துளியும் அனுப்புவதில்லை.

கணப்பறையினால் வரும் கெடுதி

அப்படியானால், இத்தனை ஏற்பாடுகளோடு கூடிய நாயை இரவில் கணப்பறைக்குள் அழைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு. நாயின் ரோமம் அடர்வதும் உதிர்வதும் பகற்பொழுதின் நீளத்தையும் சீதோஷ்ணத்தையும் அனுசரித்து நடக்கின்றன. மின்விளக்கின் வெளிச்சமும் மாறாத வெதுவெதுப்பும் உள்ள வீட்டில் வாழும் நாய்க்கு மாரிக்காலமும் கோடைக்காலமும் குழம்பிப்போய், வருஷம் முழுவதும் கொஞ்சங் கொஞ்சமாக மயிர் உதிர்கிறது. உள்மயிர் முழு அடர்த்தியை அடைவதில்லை. இரவில் உள்ளே உறங்கிப் பகலில் வெளியே உழைக்கும் நாய், வீட்டுக்கான ரோமத்தோடு வெளிக்குளிரைச் சந்திக்க நேரிடுகிறது.

நாள் தவறாமல் வெளியிலேயே வாழ்ந்து ரோமம் அடர்ந்த நாய்க்கோ இதற்கு நேர்மாறான தொல்லை. அதற்கு 20 டிகிரி அறை புழுக்கம். நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அதன் பிரதான குளிரூட்டும் வழி. கணப்புக்கு அருகே இரவெல்லாம் மூச்சிரைத்து உடம்பின் நீரை இழக்கும் நாய் மறுநாள் என்ன வேலை செய்யும்? நம்மூர் ஹஸ்கியின் துன்பமும் இதே வகைதான். சென்னையின் ஈரக்காற்றில் நாக்கின் நீர் எளிதில் ஆவியாவதில்லையாதலால், அந்த நாய்க்கு ஏ.சி. அறை உயிர்காக்கும் அவசியம். ராஜபாளையம் நாய்க்கும் சிப்பிப்பாறை நாய்க்கும் அந்த அவசியம் இல்லை; குட்டை மயிரும் மெலிந்த உடலும் அவற்றுக்கு இந்த மண் அளித்த சீதனம்.

அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரம் ஓடும் இடிடரோட் பந்தயம் 1973 முதல் நடந்துவருகிறது. வைத்தியப் பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ அன்றி, நாய்களைக் கூரையுள்ள இடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. 2022-ல் நோமுக்கு அருகே கடும் புயலில் அகப்பட்ட சில வண்டியோட்டிகள் தம் நாய்களை ஒதுங்கிடக் குடிசைகளுக்குள் அழைத்துச் சென்றார்கள். மற்றவர்களுக்குக் கிட்டாத ஓய்வு அந்நாய்களுக்குக் கிட்டியது என்று காரணம் காட்டி அவர்களுக்குத் தண்டனை விதித்தார்கள். பெருஞ்சர்ச்சை எழுந்தது. என் அபிப்பிராயத்தில் அந்த ஓட்டிகள் செய்ததே சரி. மேலே நாம் போட்ட கணக்கு காற்றில்லாத இரவுக்குரியது. சூறைக்காற்று ரோமத்தைப் பிளந்து, உள்ளே சிறைப்பட்ட காற்றைப் பறித்துக்கொண்டு போகும்போது அந்தக் கணக்கு செல்லாது. விதியை எழுதியவர்கள் சாதாரணக் குளிரை நினைத்து எழுதினார்கள். புயல் சாதாரணக் குளிரன்று.

மனத்தின் கணக்கு

சரீரத்தின் வழக்கு இவ்வாறு கொட்டிலுக்குச் சாதகமாக முடிகிறது. மனத்தின் வழக்கு அத்தனை சுலபத்தில் முடிவதில்லை.

நாய் கூட்டமாக வாழும் பிராணி. குளிரைத் தாங்கும் அதன் சக்தி பெரிது. தனிமையைத் தாங்கும் சக்தி மிகச் சிறிது. அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்து பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ல் வெளியிட்ட நூல், இந்தத் துறையில் இன்றும் அடிப்படை நூல். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டியின் மனம் யாருடன் பழகுகிறதோ, அவர்களையே தன் இனமாக அது ஏற்றுக்கொள்கிறது என்று அவர்கள் நிறுவினார்கள். இதைப் ‘பழகுபருவம்’ என்போம். அதே இடத்தில், மனித வாடையே இல்லாமல் வேலியிட்ட வெளியில் வளர்க்கப்பட்ட குட்டிகள், பதினான்கு வாரங்களுக்குப் பிறகு மனிதரிடம் கொண்டுவரப்பட்டபோது, காட்டு விலங்கைப் போல அஞ்சி ஒடுங்கின. அவற்றைப் பழக்குவது பெரும்பாடாகிவிட்டது. கொட்டிலில் பிறந்த குட்டியைத் தினமும் கையில் எடுத்து, தடவி, பேசி, சந்தடிக்குப் பழக்காமல் விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல குடில் கட்டிக்கொடுத்தும் பயனில்லை. இடிடரோட் பந்தயத்தில் நான்கு முறை வென்ற சூசன் புட்சர் என்னும் பெண்மணி, தம் குட்டிகளோடு அவை பிறந்த நாள் முதலே நெருங்கிப் பழகுவதைத் தம் பயிற்சியின் அஸ்திவாரமாகக் கொண்டிருந்தார்.

ஆட்டுமந்தையைக் காக்கும் நாய்க்கு இதே விதி தலைகீழாகப் பொருந்துகிறது. பழகுபருவத்தில் அது ஆடுகளோடு படுத்து எழ வேண்டும்; வீட்டுக்குள் குழந்தைகளோடு வளர்ந்துவிட்டால், மந்தையைப் போட்டுவிட்டு வாசற்படிக்கு வந்து நிற்கும்.

சங்கிலியில் கட்டுவதா, கம்பிவேலிக்குள் விடுவதா என்பது பற்றிக் கொட்டில்காரர்களிடையே ஓயாத வாதம் உண்டு. கிரீன்லாந்தில், குழந்தைகளுக்கு ஆபத்து நேராதிருக்க, வளர்ந்த வண்டிநாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். குட்டிகள் மட்டும் ஊருக்குள் சுதந்தரமாகத் திரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தார் வண்டிநாய்களைச் சில காலம் கட்டியும் சில காலம் வேலிக்குள் விட்டும் கவனித்து 2001-ல் எழுதியபோது, இரண்டு நிலையிலும் நாய்களின் நடத்தையில் பெரிய வேறுபாடு காணவில்லை. இரண்டிலும் அவை பெரும்பாலான நேரம் சும்மா கிடந்தன. இதைப் படிக்கும்போது, வாதம் தவறான இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கிலியின் நீளத்தையும் வேலியின் அகலத்தையும் அளப்பவர்கள், அந்த நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை முறை ஒரு மனிதன் அதன் பக்கத்தில் வந்து உட்காருகிறான் என்பதையும் அளக்க வேண்டும்.

நகரத்துப் போலீஸ் நாயும் ராணுவ நாயும் இருக்கும் கொட்டில், அலாஸ்காவின் முற்றத்தைப் போன்றதன்று. சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் கொண்ட அங்கே ஒரு நாய் குரைத்தால் எல்லாம் குரைக்கும். அந்த ஓசை 100 டெசிபலைத் தாண்டிவிடும். ஓய்வுநேரத்தில் உறங்க முடியாத நாய் மறுநாள் மோப்பத்தில் எப்படிச் சிறக்கும்? பெல்ஜியம் நாட்டு ராணுவத்தில் நாய்ப் பயிற்றுநர்களிடம் விசாரித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நாயைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொள்ளும் பயிற்றுநர்களின் நாய்கள் அதிகக் கீழ்ப்படிதலும் நல்ல பழக்கமும் உடையனவாக இருந்தன என்று தெரிவிக்கிறது. வீட்டில் வைத்தால் வேலைநாய் ‘செல்லம்’ கொண்டு கெட்டுப்போகும் என்ற பழைய நம்பிக்கையை இது பெரிதும் அசைத்துவிட்டது. அலாஸ்காவின் நாய்க்கு வெளியே இருபது முப்பது தோழர்கள் உண்டு. இழுக்க வண்டியும் உண்டு. தனித்த அறையில் இரவைக் கழிக்கும் போலீஸ் நாய்க்கு அவ்விரண்டும் இல்லையாதலால், அதற்குத் தன் மனிதனின் வீடே கூட்டம்.

யாரை உள்ளே அழைப்பது?

உறைபனி நாட்டுக் கொட்டில்களிலும் கணப்பறையின் கதவு சிலருக்குத் திறந்தே இருக்கிறது. பிறந்த சில வாரங்கள் வரையில் குட்டிகளால் தம் உடம்பைத் தாமே போதிய அளவுக்குச் சூடாக வைத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிற்றுச் சூடே அவற்றின் உயிர். ஆகவே குளிர்காலத்தில் ஈனும் நாயை உள்ளேயோ சூடேற்றிய கொட்டகையிலோ வைக்கிறார்கள். நோயுற்றவை, காயம்பட்டவை, மயிர் உதிர்ந்தவை ஆகியவற்றுக்கும் இடமுண்டு.

முதுமையடைந்து வண்டியிலிருந்து விடுபட்ட நாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். வயதானபின் தசை குறைகிறது, மூட்டுகள் வலிக்கின்றன, உள்ளடுப்பு தணிகிறது, சுருண்டு படுப்பதே சிரமமாகிவிடுகிறது. நிச்சயமாக அதை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நடுக்குளிர்காலத்தில், ரோமம் முழு அடர்த்தியோடு இருக்கும்போது திடீரென்று கணப்பருகே கொண்டுவந்து கிடத்தினால் அது தவித்துப்போகும். வசந்தம் முற்றி உள்மயிர் கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கும் மாதங்களே அதற்குத் தக்க சமயம். முதலில் சில மணி நேரமும் பின்பு முழு இரவும் என்று பழக்கி, கணப்பிலிருந்து விலகிய மூலையில், கதவோரத்துத் தரையில் இடம் கொடுத்து, வெளியே போக விரும்பிப் பிராண்டும்போது கதவைத் திறந்துவிட்டால், அடுத்த குளிர்காலம் வருவதற்குள் அதன் உடம்பு புது வீட்டுக்குப் பழகிவிடும்.